தெருக்கம்பம் முதல் மாடி அறை வரை: வில்லியனூர் வீடுகளில் நெட் கேபிள்

வில்லியனூரில் இன்று வீட்டுக்கு நெட் வாங்குவது பெரிய காரியமில்லை. பி.எஸ்.என்.எல். ஃபைபர் இருக்கிறது, தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன, கேபிள் டிவி நடத்தும் உள்ளூர்க்காரர்களும் ஃபைபர் இழுத்துக் கொடுக்கிறார்கள். ஆள் வந்து தெருக்கம்பத்திலிருந்து மெல்லிய கறுப்பு வயர் ஒன்றை இறக்கி, ஜன்னல் ஓரத்தில் துளை போட்டு உள்ளே கொண்டுவந்து, கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் ரவுட்டர் பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார். சில நாள் கழித்துப் புகார் தொடங்குகிறது. மாடி அறையில் வகுப்பு நின்று நின்று வருகிறது. பின்கட்டில் சிக்னலே இல்லை. வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்க்கும் மருமகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து உட்காருகிறார். புகார் கேட்டு வந்த கேபிள்காரர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வேகத்தைப் பார்த்தால் 100 மெகாபிட் அப்படியே வருகிறது. வீட்டுக்காரர் சொல்வதும் உண்மை, அவர் சொல்வதும் உண்மை. கோளாறு இருப்பது பெட்டிக்கும் மாடி அறைக்கும் நடுவிலுள்ள பத்துப் பதினைந்து மீட்டரில். அந்தத் தூரத்துக்கு நெட் கொடுத்தவர் பொறுப்பில்லை, வீட்டைக் கட்டிய கொத்தனார் பொறுப்பில்லை, வயரிங் செய்த எலெக்ட்ரீசியனும் பொறுப்பில்லை.

அந்தத் தூரத்தை எப்படிக் கடப்பது என்பதுதான் இங்கே ஆராயும் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடம் மாறாத கருவிகளுக்கு வயர், கையில் தூக்கிக்கொண்டு திரியும் கருவிகளுக்கு வைஃபை. மாடி இருக்கும் வீட்டில் தளத்தைத் தாண்டிப் போக ஒரு வயராவது வேண்டும். புது வீடு கட்டுகிறவர்கள் எந்தக் கேபிள் நல்லது என்று அலைவதற்கு முன்னால், தளம் போடுவதற்குள் காலிக் குழாய் போட்டுவிட வேண்டும். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தளத்துக்குள் குழாயை மட்டும் பிறகு போட முடியாது.

இந்தக் கேள்வியை வில்லியனூர் இதற்கு முன்பே ஒரு முறை சந்தித்திருக்கிறது. 1998 ஜனவரியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியுடன், புதுச்சேரி கிராமங்களில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் மைய நிலையம் வில்லியனூரில் அமைந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்து அப்போது மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. 1995 ஆகஸ்ட் 15-இல்தான் வி.எஸ்.என்.எல். அதைத் தொடங்கியிருந்தது. வில்லியனூர் மையத்தில் தொலைபேசி வழியாக டயல் செய்து இணையத்தில் இணைவார்கள். அங்கிருந்து ஏம்பலம், கீழூர், வீராம்பட்டினம் போன்ற ஊர்களுக்குத் தகவலைக் கொண்டுபோவதுதான் சிக்கல். ஊர்களில் தொலைபேசிக் கம்பியை நம்ப முடியவில்லை. அதனால் கம்பி கிடைத்த இடத்தில் கம்பி, கிடைக்காத இடத்தில் வி.எச்.எஃப். ரேடியோ என்று இரண்டையும் கலந்தார்கள். ஒரே ரேடியோவில் பேச்சும் போனது, தரவும் போனது. மின்சாரம் அடிக்கடி நின்றதால் சூரியத் தகடுகளையும் வைத்தார்கள். மையத்துக்கான இடத்தை ஊரே கொடுத்தது. ஏம்பலத்தில் அது கோயில் கட்டடத்தில் நடந்தது.  

வீராம்பட்டினத்தில் செய்ததுதான் நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை வில்லியனூரில் எடுத்து, ஊர் மையத்துக்கு அனுப்பி, அங்கிருந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடலுக்குப் போகிறவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவியைக் கொடுக்க அன்று வழியில்லை. ஊர் வரை தரவு, ஊருக்குள் குரல் என்று கடைசித் தூரத்தை அந்த இடத்துக்கு ஏற்றபடி தீர்த்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு என்னும் ஊரில் அதே போன்ற ஏற்பாடு உயிர்களைக் காத்தது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் எச்சரிக்க, தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு விலகினார்கள். திட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் பலரும் கணினியைப் பாராட்டினார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது, கம்பியா காற்றா என்று கட்சி கட்டாமல் ஒவ்வொரு துண்டுத் தூரத்துக்கும் எது நிற்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த நிதானம். வீட்டுக்குள்ளும் அந்த நிதானம்தான் வேண்டும்.

சுவர் செய்யும் வேலை

வைஃபை சிக்னல் ஏன் மாடிக்கு ஏறத் தயங்குகிறது? பெட்டி இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முதலாவது சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் ஒன்றோடொன்று மோதாத வழித்தடங்கள் அதில் மூன்றே. மனைகள் ஒட்டி ஒட்டி இருக்கும் புது நகர்களில், பக்கத்து வீடு, எதிர்வீடு, மாடி வாடகைக்காரர் என்று அத்தனை பேரின் பெட்டிகளும் அந்த மூன்றையே பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பது வைஃபையின் அடிப்படை. கூட்டம் கூடக் கூடக் காத்திருப்பும் கூடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 2018-இல் இந்திய அரசு அந்தப் பட்டையில் பெரும் பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. ஆனால் அந்த அலை சுவரில் சீக்கிரம் களைத்துப்போகும்.

நம் வீடுகளின் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல். அதை ஒன்று தாண்டலாம்; இரண்டு தாண்டினால் வேகம் பாதியாகும். தளம் வேறு வகை எதிரி. ஐந்து அங்குலக் காங்கிரீட், அதற்குள் ஐந்தாறு அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பி. கூடத்து மூலையில் கிடக்கும் பெட்டியிலிருந்து மாடியின் எதிர்மூலை அறைக்கு அலை சாய்வாகத்தான் போக வேண்டும். சாய்வாகப் போனால் காங்கிரீட்டின் பருமன் அலைக்கு இன்னும் கூடுகிறது. வழியில் இரும்பு பீரோ, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, குளியலறை டைல்ஸ் சுவர் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. கோயில் தெருக்களில் மிச்சமிருக்கும் நாட்டு ஓட்டு வீடுகளிலும், மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மச்சு வீடுகளிலும் நிலைமை வேறு. மேலே இரும்பு இல்லாததால் சிக்னல் மேலேறுகிறது. ஆனால் சுண்ணாம்புக் காரையில் கட்டிய தடித்த சுவர்கள் பக்கவாட்டில் மறிக்கின்றன. திண்ணையில் நன்றாக வருவது முற்றம் தாண்டியதும் நின்றுவிடுகிறது.

இங்கே ஒரு காசும் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பலருக்கு அது தோன்றுவதில்லை. பெட்டியை இடம் மாற்றலாம். ஃபைபருக்குத் தூரம் பொருட்டே இல்லை. தெருவரை வரும் ஜிபான் (GPON) என்னும் ஃபைபர் தொழில்நுட்பம் இருபது கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது. ஜன்னலிலிருந்து வீட்டின் நடுப்பகுதிவரை இன்னொரு பத்து மீட்டர் போவது அதற்கு ஒன்றுமே இல்லை. இப்போது வீடுகளுக்கு இழுக்கும் ஃபைபர் ஒரு சென்டிமீட்டர் ஆரத்தில் வளைந்தாலும் தாங்கும். ஆகவே இணைப்புக் கொடுக்க ஆள் வரும் அன்றைக்கே, "பெட்டி கூடத்து மூலையில் வேண்டாம் தம்பி, மாடிப்படிக்குப் பக்கத்தில் வையுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்தபின் சொன்னால் அவர் மறுபடி ஃபைபரை வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும், தயங்குவார். இதிலேயே பாதி வீடுகளின் குறை தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

மீதிப் பாதிக்குக் கடைகளில் விற்கும் மருந்துகள் பல. விலை குறைந்தது ரிப்பீட்டர் என்று சொல்லப்படும் எக்ஸ்டெண்டர்: படிக்கட்டில் பிளக்கில் சொருகினால் கீழிருந்து வரும் சிக்னலை வாங்கி மேலே அனுப்பும். ஒரே ரேடியோவில் வாங்கவும் அனுப்பவும் செய்யும் மலிவான கருவி, அந்த நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால் வேகத்தைப் பாதியாக்கிவிடுகிறது. காணொளி பார்க்கப் போதும்; நேரலை வகுப்புக்கோ அலுவலகக் கூட்டத்துக்கோ போதாது. மெஷ் என்னும் இரண்டு மூன்று பெட்டிகள் கொண்ட ஏற்பாடு இதைவிட நன்று. ஆனால் அந்தப் பெட்டிகளும் காங்கிரீட் தளத்தின் வழியாகத்தான் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்றால் பழைய சிக்கல் அப்படியே திரும்பி வருகிறது. அவற்றை வயரால் இணைத்தால்தான் கொடுத்த பணத்துக்கு முழுப் பலன்.

மின்கம்பி வழியாகவே தரவை அனுப்பும் பவர்லைன் கருவி கேட்க நன்றாக இருக்கிறது. நம் வீடுகளில் அது சரிப்படுவது அரிது. மும்முனை இணைப்புள்ள வீட்டில் கீழ்த்தளம் ஒரு ஃபேஸிலும் மாடி இன்னொரு ஃபேஸிலும் இருக்கும். சில அறைகள் இன்வெர்ட்டரில் தனியாகப் பிரிந்திருக்கும். ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குத் தாவும்போது சிக்னல் பலமிழக்கிறது. மோட்டார் ஓடினால் இரைச்சலும் சேர்கிறது. பழைய கேபிள் டிவி கோஆக்சியல் வயரைப் பயன்படுத்தும் கருவிகளும் உலகில் உண்டு. நம் கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை. அவற்றை இதோடு விட்டுவிடலாம்.

எட்டுக் கம்பி

மிஞ்சுவது வயர். 1973 மே மாதம் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் எழுதிய குறிப்பில்தான் ஈதர்நெட் என்ற பெயர் முதலில் வந்தது. அப்போது அது தடித்த ஒற்றை வடத்தில் ஓடியது. தொலைபேசிக் கம்பி போன்ற முறுக்கிய இணைகளில் அதை ஓட்ட 1990-இல் தரம் வகுத்தார்கள். நாம் இன்று பயன்படுத்துவது அதன் வழித்தோன்றல். 1999-இல் அத்தகைய நான்கு இணைகளில், அதாவது எட்டுக் கம்பிகளில், ஒரு கிகாபிட் வேகம் சாத்தியமானது. கால் நூற்றாண்டு கழித்தும் நம் வீட்டு இணைப்புகளில் பெரும்பாலானவை அந்த வேகத்தை எட்டவில்லை. இதற்கு இணையாக வைஃபையில் எத்தனை தலைமுறைகள் வந்து போயின என்று எண்ணிப் பார்த்தால், சுவருக்குள் ஒருமுறை போட்ட நல்ல செம்புக் கம்பி எவ்வளவு நீண்ட முதலீடு என்பது புரியும்.

கம்பிகள் இரண்டிரண்டாக ஏன் முறுக்கப்படுகின்றன? ஒரு இணையில் ஒரு கம்பி நேர்ச் சிக்னலையும் மற்றது அதன் எதிர்ச் சிக்னலையும் கொண்டுபோகின்றன. வெளியிலிருந்து வரும் இரைச்சல், முறுக்கின் காரணமாக, இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறுகிறது. மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் படிப்பதால் இரைச்சல் கழிந்துவிடுகிறது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் தொலைபேசிக் கம்பிக்குக் காப்புரிமை வாங்கிய உத்தி இது. நான்கு இணைகளும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாதிருக்க ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் முறுக்கப்பட்டிருக்கும். கேபிளை உரித்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

இது தெரியாமல் நடக்கும் தவறுதான் நம் ஊர்களில் மிக அதிகம். ஜாக் மாட்டும்போது இரண்டு முனையிலும் ஒரே நிற வரிசை இருந்தால் போதும் என்று எண்ணி, ஆரஞ்சு இணை, பச்சை இணை, நீல இணை, பழுப்பு இணை என்று பக்கம் பக்கமாக அடுக்கி கிரிம்ப் செய்துவிடுகிறார்கள். சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் தரப்படி 3-ஆம், 6-ஆம் ஊசிகள் ஒரே இணையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். பக்கம் பக்கமாக அடுக்கினால் அந்த ஊசிகளுக்கு வெவ்வேறு இணைகளின் கம்பிகள் போய்விடுகின்றன. முறுக்கின் பயன் அற்றுப்போகிறது. சின்னத் தூரத்தில் எப்படியோ ஓடும். தூரம் கூடினால் தடுமாறும். சரியான வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பச்சை இணை நீல இணையைத் தாண்டி இருபுறமும் நிற்பதைக் கவனிக்க வேண்டும். முறுக்கைப் பிரிப்பதும் ஜாக்குக்கு அருகே அரை அங்குலத்துக்கு மேல் கூடாது. நீல, பழுப்பு இணைகளில் ஒரு கம்பி சரியாகப் பதியாமல் போனால் இணைப்பு அறுந்துவிடாது. பெரும்பாலும் கிகாபிட்டிலிருந்து 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும், ஏனென்றால் 100-க்கு இரண்டு இணை போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். 300 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு 95-ஐத் தாண்டாத வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எந்தக் கேபிள் என்று கேட்டால், கேட் 6 போதும். கேட் 5இ-யும் நூறு மீட்டர் வரை ஒரு கிகாபிட் தாங்கும். விலை வித்தியாசம் பெரிதில்லாததால் புதிதாகப் போடுகிறவர் கேட் 6 வாங்குவதே சரி. வீட்டுத் தூரங்களில் அது பத்து கிகாபிட்டும் தாங்கும். கவலைப்பட வேண்டியது எண்ணைப் பற்றியன்று, உலோகத்தைப் பற்றி. மலிவுக் கேபிள்கள் பலவற்றில் உள்ளே இருப்பது அலுமினியம். மேலே மட்டும் செம்புப் பூச்சு. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்குதான். நீண்ட தூரத்தில் சிக்னல் தளர்கிறது. வயர் வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் அனுப்பினால் கேபிள் சூடாகிறது. ஜாக்கில் அழுத்திய இடத்தில் கம்பி எளிதில் முறிகிறது. 305 மீட்டர் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தால் எடையே சொல்லிவிடும். சந்தேகம் இருந்தால் கம்பியின் முனையைப் பிளேடால் சுரண்ட வேண்டும். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்கக் கூடாது. சுவருக்குள் போகும் பொருளில் காசு மிச்சம் பிடிப்பது பிள்ளைகளுக்கு விட்டுப்போகும் தொல்லை.

குழாய்

இப்போது இந்த ஆய்வின் நடுப்பொருளுக்கு வருகிறேன். நம் பகுதியில் வீடு கட்டும் முறையில் ஒரு சரியான தருணம் இருக்கிறது. அது ஓரிரு நாள்தான். சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி முடிந்து, காங்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் எலெக்ட்ரீசியன் வந்து ஃபேன் பாக்ஸும் மின்சாரக் குழாயும் பதிப்பார். அந்தக் குழாய்களோடு சேராமல், தனியாக, ஒரு அங்குல பி.வி.சி. குழாய் இரண்டு கூடுதலாகப் போட்டுவிட்டால், அந்த வீட்டில் ஐம்பது ஆண்டுக்கு வயர் கவலை இல்லை. ஒன்று, வாசல்பக்கத்திலிருந்து மாடிப்படி அருகே பெட்டி வைக்கும் இடத்துக்கு. அதில் ஃபைபர் வரும். இன்னொன்று, அந்த இடத்திலிருந்து மாடிக் கூடத்தின் மேற்கூரைக்கு; அங்கே வைஃபை கருவி தொங்கும். இதற்கு மேல் வசதியுள்ளவர்கள் டிவி இருக்கும் சுவர், படிக்கும் மேசை, மொட்டை மாடி மூலை ஆகியவற்றுக்கும் போடலாம். மொட்டை மாடிக்குப் போடுவதற்குக் காரணம் உண்டு: வயர் இல்லாத இணைப்பு என்று விற்கப்படும் 5ஜி வீட்டு நெட்டுக்கும் கூரையில் வைக்கும் கருவியிலிருந்து அறைக்கு ஈதர்நெட் கேபிள் இறங்கித்தான் ஆக வேண்டும்.

குழாய் போடுவதிலும் நுணுக்கம் இருக்கிறது. எல்போ என்னும் செங்கோண மூட்டு போட்டால் கேபிள் மடங்கும். நீள வளைவுள்ள பெண்ட் போட வேண்டும். கேட் 6 கேபிள் தன் விட்டத்தைப் போல நான்கு மடங்கு ஆரத்துக்குக் குறைவாக வளையக் கூடாது. அது ஏறக்குறைய ஒரு அங்குலம். இரண்டு பெண்டுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வேண்டும், இல்லையென்றால் கேபிள் இழுபடாது. இழுக்கும்போதும் பலத்தைக் காட்டக் கூடாது. பத்துப் பதினோரு கிலோவுக்கு மேல் இழுவை போனால் உள்ளே முறுக்கு தளர்ந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. குழாயைப் பதிக்கும்போதே உள்ளே ஜி.ஐ. கம்பியோ நைலான் கயிறோ விட்டுவைத்து, இரு முனையையும் துணி அடைத்து மூடிவிட வேண்டும். மூடாத குழாயில் சிமெண்ட் பால் இறங்கிக் கல்லாகிவிட்டால் போட்ட வேலை வீண். முக்கால் அங்குலக் குழாயில் இரண்டு கேபிளும், ஒரு அங்குலத்தில் நான்கும் சிரமமின்றிப் போகும்.

மின்சார வயர் போகும் குழாயிலேயே நெட் கேபிளையும் விடலாமா என்று கேட்பவர்கள் நிறைய. கூடவே கூடாது. இரைச்சல் ஏறும் என்பது இரண்டாம் காரணம். முதல் காரணம் உயிர். நெட் கேபிளின் மெல்லிய உறை 230 வோல்ட்டைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதில்லை. ஓரிடத்தில் மின்வயரின் உறை உரிந்தால் மின்சாரம் நேரே கணினிக்கும் அதைத் தொடும் கைக்கும் வரும். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடந்து போனால் போதும்.

கட்டி முடித்த வீட்டில் சுவரைக் காடி எடுத்துக் குழாய் பதிக்கலாம். தூசியும் பூச்சு வேலையும் பெயின்ட்டும் சேர்ந்து செலவு எகிறும். தளத்தையோ பீமையோ துளைக்க நினைக்கவே வேண்டாம்; படிக்கட்டுப் பக்கமாக வெளிச்சுவரில் குழாய் ஏற்றி மாடிக்கு நுழைவதே நல்லது. வெளிச்சுவரில் சாதாரணக் கேபிளை வெறுமனே விட்டால் நம் வெயிலில் உறை சில ஆண்டுகளில் வெடிக்கும். அணிலும் எலியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். குழாய்க்குள் விட வேண்டும், அல்லது வெளியிடத்துக்கென்றே வரும் கறுப்பு உறைக் கேபிள் வாங்க வேண்டும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் துளை வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் மழைநீர் உள்ளே வராது. வாடகை வீட்டில் கேசிங் பட்டி அடித்துத் தரையோரமாகவோ கதவு நிலையோரமாகவோ கொண்டுபோகலாம். நாட்டு ஓட்டு வீட்டில் அதுவே எளிது: சுவர்த் தலைப்பில் உத்தரத்தை ஒட்டிக் கேபிளைக் கட்டிக்கொண்டே போனால் கண்ணில் படாது, சுவரையும் தொட வேண்டாம்.

இடியும் வெள்ளமும்

கூட்டுக் குடும்பம் பிரிந்து ஒரே மனையில் இரண்டு வீடாக நிற்பது எங்கள் பக்கம் சாதாரணம். அண்ணன் வீட்டில் நெட் இருந்தால் தம்பி வீட்டுக்கு மொட்டை மாடி வழியாக ஒரு கேபிள் போகும். தோட்டத்து மோட்டார் கொட்டகைக் கேமராவுக்கும் அப்படியே. செம்புக் கேபிளை இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வான்வழியாகக் கட்டுவதை நான் எதிர்க்கிறேன். கோடை இடியிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் பக்கத்தில் எங்கேயோ விழும் மின்னல்கூட அந்தக் கம்பியில் பெரும் மின்னழுத்தத்தைத் தூண்டும். ஈதர்நெட் துளைக்குள் இருக்கும் சின்ன மின்மாற்றி 1500 வோல்ட் வரைதான் தடுக்கும். ஒரு முனையில் ரவுட்டர், மறுமுனையில் டிவி என்று இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் கருகும். உலோக உறை போட்ட ஷீல்டு கேபிள் வாங்கினால் நிலைமை மோசமாகிறது. இரண்டு வீட்டு எர்த்தையும் அது இணைத்துவிடும். இந்த இடத்துக்கு ஃபைபரே சரி. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. இருபுறமும் மீடியா கன்வர்ட்டர் என்னும் சின்னப் பெட்டி ஒவ்வொன்று வைத்தால் போதும். கேமரா போடுகிறவர்களுக்கு இது பழகிய பொருள். ஃபைபர் வயரைத் தாங்க உடன் வரும் இரும்புக் கம்பியை மட்டும் வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்திவிட வேண்டும்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி மரங்களையும் கம்பங்களையும் சாய்த்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. பிறகு வீடூர் அணை நீரால் சங்கராபரணியும், சாத்தனூர் அணை நீரால் தென்பெண்ணையும் பெருகி, வில்லியனூர், பாகூர் பக்கத்துத் தாழ்வான இடங்களில் வெள்ளம் நுழைந்தது. கம்பம் சாய்ந்தால் வீட்டுக்குள் எவ்வளவு நல்ல வயர் இருந்தும் நெட் வராது. அதை வீட்டுக்காரர் தடுக்க முடியாது. அவர் கையில் இருப்பது பெட்டியையும் இணைப்புகளையும் தரையோடு வைக்காமல் தோள் உயரத்தில் வைப்பது, மின்தடையில் பெட்டி அணையாமல் பார்த்துக்கொள்வது. பெட்டிகளில் பல 12 வோல்ட்டில் ஓடுவதால் சின்ன டி.சி. யு.பி.எஸ். ஒன்று சில மணி நேரம் தாங்கும். வயர் போட்ட வீட்டுக்கு இங்கே ஒரு கூடுதல் நன்மை. வயர் வழியாகவே மின்சாரம் அனுப்பும் தரம் 2003-இல் 15.4 வாட்டோடு வந்து, 2009-இல் 30 வாட் ஆகி, 2018-இல் 90 வாட் வரை உயர்ந்திருக்கிறது. கீழே ஒரு யு.பி.எஸ். வைத்தால் மாடியில் தொங்கும் வைஃபை கருவியும் வாசல் கேமராவும் அதே கேபிளில் மின்சாரம் வாங்கிக்கொள்ளும். தனித்தனி பிளக் வேண்டாம்.

யார் செய்வது

விதிகள் இல்லாமல் இல்லை. 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 8-ஆம் பகுதியில் தகவல் தொடர்பு அமைப்புகளுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. 2022-இல் மத்திய அரசு மாதிரிக் கட்டடத் துணைவிதிகளில் கட்டடத்துக்குள்ளான இணைப்புக் கட்டமைப்பைச் சேர்த்தது. 2024 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், கட்டடங்களுக்கு இணைய வசதியின் அடிப்படையில் நட்சத்திர மதிப்பீடு தரும் ஒழுங்குமுறையை அறிவித்தது. இவையெல்லாம் அடுக்குமாடிகளையும் அலுவலக வளாகங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கொத்தனாரை வைத்துச் சொந்தமாகக் கட்டும் கீழும் மேலுமான வீட்டுக்கு, அதாவது வில்லியனூர், பாகூர் பக்கத்து வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு, இவற்றில் ஒரு வரிகூட வந்து சேருவதில்லை.

வேலை தெரிந்த கைகள் ஊரில் இருக்கின்றன. கண்காணிப்புக் கேமரா பொருத்தும் இளைஞர்கள் தினமும் கேட் 6 இழுக்கிறார்கள், ஜாக் அடிக்கிறார்கள். ஆனால் அவர்களைக் கூப்பிடுவது வீடு குடியேறிய பிறகு. எலெக்ட்ரீசியன் வருவது தளம் போடும் முன்; அவருக்கு நெட் கேபிள் பாடமாகச் சொல்லித்தரப்பட்டிருக்காது. இருவரையும் ஒரே நாளில் அந்தச் சென்ட்ரிங் பலகை மேல் நிறுத்துவது வீட்டுக்காரரின் பொறுப்பு. ஐ.டி.ஐ.களின் எலெக்ட்ரீசியன் பிரிவில் கிரிம்பிங், நிற வரிசை, குழாய் இடைவெளி ஆகியவற்றைக் கற்பிக்க ஒரு வாரம் போதும். கொம்யூன் பஞ்சாயத்துகள் வீட்டு பிளானைப் பார்க்கும்போது, கழிவுநீர்க் குழாயும் மழைநீர்த் தொட்டியும் எங்கே என்று கேட்பதோடு, வாசலிலிருந்து மாடி வரை ஒரு அங்குலக் காலிக் குழாய் எங்கே போகிறது என்றும் கேட்கலாம். வரைபடத்தில் அதற்கு ஒரு கோடு போதும். கட்டும் செலவில் அது ஒரு கதவின் தாழ்ப்பாள் விலைக்குமேல் கூடாது.